மே தினக் கிராம சபையில் யாருக்கு இடம்?

சென்னை சென்ட்ரலிலிருந்து திருத்தணி போகும் புறநகர் மின்ரயில் திருநின்றவூரைத் தாண்டியதும் வேப்பம்பட்டு வரும். அதன் பிறகு செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர். ஷிஃப்ட் மாறும் நேரங்களில் இந்த வண்டியில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளியும் அசாமியும் கேட்கும். அம்பத்தூர், காக்களூர் தொழிற்பேட்டைகளுக்கும், வழியெங்கும் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஆட்கள் போவது இந்த வழியில்தான். 2025 டிசம்பர் இறுதியில் இதே வழித்தடத்தில், பதினேழு வயதுச் சிறுவர்கள் நால்வர் வட மாநிலத் தொழிலாளி ஒருவரை அரிவாளால் மிரட்டி ரீல்ஸ் எடுத்தார்கள். பிறகு திருத்தணி ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் வெட்டி, அதையும் படம் பிடித்துப் பரப்பினார்கள். படுகாயத்தோடு அவர் உயிர் பிழைத்தார். நால்வரும் பிடிபட்டார்கள். கஞ்சாவா, ரீல்ஸ் மோகமா, வெளியூர்க்காரன்தானே என்ற இளக்காரமா என்று தொலைக்காட்சிகளில் சில நாள் விவாதம் நடந்தது. பிறகு வேறு செய்தி வந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு அருகில் வரும் ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவரின் இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக அவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை என்கிறது 117(4). அதே காரணங்களுக்காகக் கொன்றால் ஆயுள் அல்லது மரண தண்டனை என்கிறது 103(2). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இல்லாத பிரிவுகள் இவை, வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூட்டாகச் செய்தால் மட்டுமே பொருந்தும். நால்வர் செய்தால் பொருந்தாது. சிறார் நீதிச் சட்டம் தனி விஷயம். வயது வந்த நால்வர் செய்திருந்தாலும் நிலைமை இதுதான். கொலைமுயற்சி, கொடுங்காயம் என்ற பொதுப் பிரிவுகளில் வழக்கு நடக்கும், தண்டனையும் கிடைக்கலாம். வெறுப்புதான் காரணமா என்ற கேள்வி மட்டும் ஏட்டில் ஏறாது.

ஏட்டில் ஏறாததற்கு எண்ணிக்கையும் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வெளிநாட்டவர் என்று தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. சொந்த நாட்டுக்குள் பிழைக்கப் போன தொழிலாளிக்கு அப்படி ஓர் அத்தியாயம் இல்லை. மாநிலத் தொழிலாளர் துறைக்காகச் சுமார் பத்தாண்டுக்கு முன் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்தரை லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கண்டது. அன்றைக்கே காஞ்சிபுரம், சென்னை, திருவள்ளூர் மூன்றும் முன்வரிசையில் இருந்தன. இத்தனை பேர் வாழும் இடத்தில் அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அவர்களிடமே அரசு முறையாகக் கேட்டதில்லை. அவர்களோடு வாழும் உள்ளூர்க்காரர்களிடமும் கேட்டதில்லை. இனவெறுப்பை எதிர்க்க நாடளாவிய திட்டம் ஒன்று வேண்டுமானால் அது இந்தக் கேட்பிலிருந்துதான் தொடங்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியா ஒருமுறை கேட்டிருக்கிறது. ஓர் உயிர் போன பிறகு. 2014 ஜனவரி 29 அன்று டெல்லி லஜ்பத் நகர்ச் சந்தையில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் நிடோ டானியாவின் தலைமுடி நிறத்தையும் தோற்றத்தையும் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். தகராறு அடிதடியானது. மறுநாள் அவர் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2012 ஏப்ரலில், பெங்களூருவில் மணிப்பூர் மாணவர் ரிச்சர்ட் லோய்தாம் இறந்தபோதும் போராட்டங்கள் நடந்தன. ஆனால் டெல்லியில் நடந்த மரணம்தான் அரசை அசைத்தது. ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அதிகாரி எம்.பி.பெஸ்பருவா தலைமையில் உள்துறை அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. பெருநகரங்களில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவரின் குறைகளை ஆராய்வது அதன் பணி. மாணவர் அமைப்புகளையும் வேலைக்கு வந்தவர்களையும் கேட்டு, 2014 ஜூலை 11 அன்று அது அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையைப் படிப்பவர்கள் அதன் அக்கறையை மறுக்க முடியாது. காவல்துறை, வாடகை வீடு, கல்விக்கூடம், பாடத்திட்டம், விளையாட்டு என்று பல கோணங்களிலிருந்து பிரச்சினையை அது பார்த்தது. தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்று இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கச் சொன்னது. முன்னது இனத்தின் பெயரால் நடக்கும் தாக்குதலுக்கும் இழிவுக்கும் ஐந்தாண்டு வரை சிறை. பின்னது இனத்தைக் குறித்துச் சொல்லாலும் சைகையாலும் அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை. அவமதிப்பும் ஒரு குற்றம், அதுதான் அடிதடிக்கு முந்தைய படி என்று அரசுக் குழு ஒன்று ஒப்புக்கொண்டது சிறிய காரியம் அல்ல. 2016 டிசம்பர் 14 அன்று கர்மா டோர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இப்பரிந்துரைகள் எந்த அளவில் நிறைவேறுகின்றன என்று கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. டெல்லி காவல்துறையில் வடகிழக்கு மாநிலத்தவருக்கென்று தனிப் பிரிவு வந்தது. அந்த இரண்டு சட்டப் பிரிவுகள் மட்டும் வரவில்லை. பத்தாண்டு கழித்துத் தண்டனைச் சட்டம் முழுவதையும் புதிதாக எழுதும் வாய்ப்பு வந்தபோதும் அவை சேர்க்கப்படவில்லை. ஐந்து பேர் கூடினால்தான் குற்றம் என்ற பிரிவுதான் வந்தது. இடையில் 2020 மார்ச்சில், வடகிழக்கு மாநிலத்தவரைத் தெருவில் ‘கொரோனா’ என்று கூப்பிட்டுத் துரத்துவதைத் தடுக்கச் சொல்லி உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அந்தக் கேட்பின் பயன் குறைந்ததற்கு அரசின் மெத்தனம் ஒரு காரணம். கேட்கப்பட்டவர்களின் வட்டம் சிறியதாக இருந்தது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். டெல்லியில் படிக்கும் வடகிழக்கு மாணவர்களுக்குச் சங்கம் உண்டு, ஆங்கிலம் உண்டு, அவர்களுக்காகப் பேச நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைக்கு முன் நிற்கும் பிகார்க்காரருக்கு இந்த மூன்றும் கிடையாது. அவருடைய பெயர் நிறுவனத்தின் ஏட்டில் இருக்காது. காண்ட்ராக்டரின் நோட்டில் இருக்கும். தங்குவது தகரக் கொட்டகையில். தெரு அவரை ‘வடக்கன்’ என்றும் ‘பான்பராக்’ என்றும் அழைக்கும். வாடகை வீடு கேட்டால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது ஊரின் பெயர். மின்ரயிலில் உட்கார்ந்திருப்பவரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தயக்கம் வருவதில்லை. இவையெல்லாம் காவல் நிலையம் வரை போகும் விஷயங்கள் அல்ல. ஆனால் தினமும் நடப்பவை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில் கூலி, பயணப்படி, இருப்பிடம் பற்றி விதிகள் இருந்தன. அது 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்தது. அவமதிப்புக்கு எதிரான பாதுகாப்பு என்று ஒரு பிரிவு அதிலும் இல்லை, இதிலும் இல்லை.

இதை இனவெறுப்பு என்று சொல்லலாமா என்று தமிழ் வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். பிகார்க்காரரும் இந்தியர், நாமும் இந்தியர். நிறத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. இங்கே உள்ள நோய் சாதிதான் என்பார். நியாயமான கேள்வி. எல்லாவித இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1965-ல் நிறைவேறியது, 1968-ல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. அதன் முதல் கூறு இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றின் அடிப்படையில் காட்டப்படும் எந்த வேறுபாட்டையும் இனப்பாகுபாடு என்றே கொள்கிறது. பிறந்த மண்ணையும் பேசும் மொழியையும் முகத்தையும் சேர்த்து ஒருவனை ஓர் இனமாக்கி, அந்த இனமே அழுக்கு, அந்த இனமே திருட்டு என்று முடிவு கட்டுவது அந்த வரையறைக்குள் வரும். வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002-ல் தெளிவாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு இனவெறிக்கு எதிரான டர்பன் மாநாட்டில் இந்திய அரசு சாதி வேறு, இனம் வேறு என்று வாதிட்டிருந்தது. அந்த வாதத்தால் தலித்துகளுக்கும் நன்மையில்லை, புலம்பெயர்ந்தோருக்கும் நன்மையில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர்கள் கொத்தடிமைகளாக இருந்த வரலாறு உண்டு. 2011-ல் இதே மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு அழைத்து வந்து, கணக்கு முடியாமலே வைத்திருக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான். இருளரைச் சாதி என்றும் ஒடிசாக்காரரை வெளியூர் என்றும் இந்தச் சமூகம் இரண்டு பெயரில் ஒதுக்குகிறது.

தமிழர்களுக்கு இது அந்நியமான அனுபவமும் அல்ல. 1966-ல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் இலக்கு அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் இருந்த தென்னிந்தியர்கள். லுங்கியை வைத்துக் கேலி முழக்கமே உருவானது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூருவில் தமிழர்களின் குடிசைகள் எரிந்தன. வேலையைப் பறிக்க வந்தவர்கள், அழுக்கானவர்கள், நம் மொழி பேசாதவர்கள் என்று அன்று நம்மைச் சொன்னார்கள். இன்று தமிழ்நாட்டின் தெருக்களில் கேட்பதும் அதே மூன்று குற்றச்சாட்டுகள்.

இன்னும் அருகில் ஒரு சான்று இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் மாநிலத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று உள்ளது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இனத்தின் பெயரால் வீடிழந்த மக்கள் இந்தத் தொழிற்பேட்டையிலேயே கூலி வேலை செய்து பிழைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, புதிய வீடுகளுக்கும் கல்விக்கும் நிதி ஒதுக்கியது. குடியுரிமை என்ற பெரிய கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை.

அவர்கள் விட்டு வந்த நாட்டில்தான் மக்களிடம் கேட்பது எப்படி என்பதற்கும், கேட்டதை எப்படிக் கைவிடக்கூடாது என்பதற்கும் ஒருசேரப் பாடம் இருக்கிறது. 2016-ல் இலங்கை அரசு நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தை அறிய மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் ஒரு செயலணியை அமைத்தது. அதன் உறுப்பினர்கள் எல்லோரும் குடிமைச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். வட்டாரம் தோறும் உள்ளூர் மக்களைக் கொண்டே துணைச் செயலணிகள் அமைந்தன. கணவரைத் தேடும் பெண், காணாமல்போன மகனின் புகைப்படத்தோடு வந்த தாய், முஸ்லிம்கள், மலையகத் தமிழர், சிங்களப் படைவீரர்களின் குடும்பத்தினர் என்று எல்லோரும் பேசினார்கள். 7,306 மனுக்களும் சாட்சியங்களும் சேர்ந்தன. சில கூட்டங்களில் புலனாய்வு ஆட்கள் வந்து நின்றதையும், பேச வந்தவர்கள் அச்சுறுத்தப்பட்டதையும் செயலணி மறைக்காமல் எழுதியது. 2017 ஜனவரி 3 அன்று அறிக்கை கையளிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அதிபரும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் அதிபர் சந்திரிகா குமாரதுங்க வாங்கிக்கொண்டார். பரிந்துரைகள் அலமாரிக்குப் போயின. ஆயினும் அந்த அறிக்கை இன்றும் சான்றாக நிற்கிறது. மக்கள் என்ன சொன்னார்கள் என்று இனி யாரும் தெரியாதது போல் இருக்க முடியாது. இந்தியத் தொழிற்பேட்டைகளைப் பற்றி அப்படி ஒரு ஆவணம் நம்மிடம் இல்லை.

தமிழ்நாட்டில் இதுவரை நடந்ததெல்லாம் பீதிக்குப் பதில் சொல்லும் வேலை. 2012 பிப்ரவரி 23 அதிகாலையில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தின் பேரில் வேளச்சேரி வீடொன்றில் ஐந்து பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பிகாரைச் சேர்ந்தவர்கள். அதையடுத்து வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. சந்தேகம் ஐந்து பேரிடமிருந்து லட்சக்கணக்கானவர்களுக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அசாமின் கோக்ராஜார் கலவரத்தைத் தொடர்ந்து வதந்திக் குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர் ரயில் ரயிலாக ஊர் திரும்பினார்கள். நாளுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. தடை நீங்கியதும் அந்த விஷயமும் மறந்துபோனது.

2023 மார்ச் மாத நிகழ்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியாவெங்கும் ஓடின. அவை பொய் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்கள் மோதிக்கொண்டது. பிகாரிலிருந்து அதிகாரி பாலமுருகன் தலைமையில் ஒரு குழு வந்து நேரில் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னது. முதலமைச்சர் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அரசு வேகமாகவும் சரியாகவும் செயல்பட்டது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் படுகொலை நடக்கிறது என்ற பொய்க்கும், இங்கே எதுவுமே நடக்கவில்லை என்ற மறுப்புக்கும் நடுவில் உண்மை நசுங்கிப்போனது. படுகொலை நடக்கவில்லைதான். அதற்குச் சில வாரம் முன்பு, ஓடும் ரயிலில் வட மாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் காட்சி வெளியாகி, ரயில்வே காவல்துறை அவரைக் கைது செய்திருந்தது. அது நடந்ததுதான். வதந்தியை முறியடித்த பெருமையில் அந்தச் சிறிய உண்மையைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே மாநிலத்தின் மானத்தை வாங்குவதாக நினைக்கும் மனநிலை வளர்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில் அசாமைச் சேர்ந்தவர் கைதானார். அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கும் ஊருக்கும் வந்த கோபம் நியாயமானது. பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பும் எந்தத் தாய்க்கும் அச்சம் வரும். ஆனால் அந்த ஒருவனின் குற்றம் மறுநாளே எல்லா வடவர்கள் மேலும் ஏற்றப்பட்டது. உள்ளூர் ஆள் ஒருவன் இதே குற்றத்தைச் செய்யும்போது அவனுடைய மாவட்டத்தையோ மொழியையோ யாரும் குற்றவாளி ஆக்குவதில்லை. அச்சத்தைக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டியது அரசின் வேலை. கேட்காமல் விட்டால் அதை வாட்ஸ்அப் குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன.

உள்ளூர்க்காரர்களின் குறையும் நெடுங்காலமாகக் கேட்கப்படாததுதான். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை என்ற ஊர் பெரும்பான்மையும் தலித் மக்கள் வாழ்வது. ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அவர்கள் காத்துவந்த காட்டு நிலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர், 2007-க்குப் பிறகு சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டது. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் அங்கே ஆலை கட்டியது. ஊர் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வழக்குப் போட்டார்கள், சிறைக்குப் போனார்கள். உள்ளூரில் யாரும் கேட்காததால், 2012-ல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (OECD) விதிகளின் கீழ் பிரான்ஸ் அரசின் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தன. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஒரு ஊர் தன் குறையைப் பாரிஸ் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. 2013-ல் வந்த முடிவு அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை.

நிலம் போன ஊரின் இளைஞன் வேலை கேட்டுப் போனால் ஆள் எடுத்தாயிற்று என்கிறார்கள். உள்ளே பார்த்தால் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார்கள். குவார்ட்டர்ஸிலேயே இருப்பார்கள், ஊர்த் திருவிழாவுக்கு விடுப்புக் கேட்க மாட்டார்கள், சங்கம் வைக்க மாட்டார்கள் என்பதற்காகவே காண்ட்ராக்டர் அவர்களை அழைத்து வருகிறார். உள்ளூர் இளைஞனின் கோபம் அந்த ஏற்பாட்டின் மீது போக வேண்டும். ஏற்பாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன் தெரிகிறான். அவனும் இந்த ஏற்பாட்டில் அடிவாங்குகிறவன்தான். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் பெருநிறுவனம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பில் உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டுக் கூடிய தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே கல்வீச்சும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அதே மாதம் 30-ஆம் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் அசாம்காரர்கள். உயிரோடு இருக்கும்போது குறையைச் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் காட்டுப்பள்ளியில் கல் பறந்திருக்குமா என்பதை யோசிக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது புதிதல்ல. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலை வருவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்தும். மாவட்ட ஆட்சியர் தலைமை தாங்குவார். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். பேசியது எல்லாம் பதிவாகும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போனதை இந்தக் கரை முழுவதும் அறியும். ஒரு புகைபோக்கிக்கு மக்களைக் கேட்கும் சட்டம் நம்மிடம் உண்டு. மனிதரை மனிதர் நடத்தும் முறை பற்றிக் கேட்க இல்லை.

கிராம சபை இருக்கிறதே என்று சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள். ஆகவே தொழிலாளர் தினத்தன்று கூடும் சபையில் அந்த ஊரின் ஆலையிலும் சூளையிலும் வேலை செய்யும் பெரும்பகுதித் தொழிலாளர்களுக்கு இடமில்லை. பல ஆண்டு அதே ஊரில் வாழ்ந்து, பிள்ளையை அதே ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்க வைப்பவருக்கும் இல்லை. முகாமில் பிறந்து நாற்பது வயதை எட்டிய இலங்கைத் தமிழருக்கும் இல்லை. தெரு விளக்கு, குடிநீர், குப்பை ஆகியவற்றைப் பற்றி அவர்களும் சொல்லக்கூடியது ஏராளம். வெறுப்பு வளரும் இடங்கள் பெரும்பாலும் குழாயடியும் குப்பைத்தொட்டியும்தான்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்தன? அயர்லாந்தில் 2020-ல் அரசு ஒரு தனிக் குழுவை அமைத்தது. அது இடைக்கால அறிக்கை தந்து, நாடு முழுவதும் மக்களிடம் கருத்துக் கேட்டது. 2023 மார்ச்சில் இனவெறிக்கு எதிரான தேசியச் செயல்திட்டம் வெளியானது. ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையம் பல ஆண்டு கேட்புக்குப் பின் 2024 நவம்பரில் 63 பரிந்துரைகளோடு தேசியக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டது. வெள்ளை நாடுகளின் குற்றவுணர்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு நாடும் இப்படி ஒரு செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்பது டர்பன் மாநாட்டில் இந்தியாவும் சேர்ந்து ஏற்ற முடிவு. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இந்தியாவிடம் அந்தத் திட்டம் இல்லை.

இங்கே அப்படி ஒரு கேட்பு நடந்தால், அது நடக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முற்பகல் பதினொரு மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் வைத்தால் எந்தத் தொழிலாளியும் வர மாட்டார். ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஞாயிறு மாலையில், சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில், நிறுவன வளாகத்துக்கு வெளியே வைக்க வேண்டும். காண்ட்ராக்டரோ மேஸ்திரியோ கூட்டி வந்து உட்கார வைக்கும் கூட்டத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். இந்தி தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு; போஜ்புரியும் ஒடியாவும் சந்தாலியும் பேசுகிறவர்களுக்கு இந்தியும் அலுவலக மொழிதான். சூளையில் வேலை செய்யும் பெண்களைத் தனியாக, பெண்களே கேட்க வேண்டும். சீருடையில் காவலர் இருக்கக்கூடாது. இலங்கைச் செயலணி எழுதிவைத்த எச்சரிக்கை அது. பெயர் சொல்லாமல் பேச வழி வேண்டும். உள்ளூர் மக்களுக்குத் தனி அமர்வும், பிறகு இருவரும் சேர்ந்த அமர்வும் வேண்டும். தனியாகக் கேட்டாலே மனக்குறை முழுதாக வெளிவரும்; சேர்ந்து உட்கார்ந்தால்தான் இருவருடைய குறையும் ஒரே கதவைத் தட்டுகிறது என்று புரியும். கேட்டதற்கு இத்தனை மாதத்துக்குள் அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் இவை எதற்கும் பயனில்லை. பெஸ்பருவா குழுவின் பரிந்துரைகளுக்கு நேர்ந்ததை மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

சட்டத்தில் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. 103(2), 117(4) பிரிவுகளிலிருந்து ஐந்து பேர் என்ற எண்ணிக்கையை நீக்க வேண்டும். அவமதிப்பைக் குற்றமாக்கும் பரிந்துரையைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். அதில் மொழியையும் பிறந்த இடத்தையும் சேர்க்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 15-வது கூறு பிறந்த இடத்தைச் சொல்கிறது, மொழியைச் சொல்லவில்லை என்பதால் இது இன்னும் அவசியமாகிறது. சிறைதான் மருந்து என்று நான் நம்பவில்லை. திருத்தணிச் சிறுவர்கள் நால்வரும் பள்ளிப் பருவத்தினர். அவர்களுக்கு அந்த இளக்காரத்தைக் கற்றுக்கொடுத்தது வீடும் தெருவும் கைப்பேசியும். ஆனால் சட்டம் ஒரு செயலுக்குப் பெயர் வைத்தால்தான் காவல் நிலையம் அதை எழுதும், பள்ளிக்கூடம் அதைப் பேசும்.

மத்திய அரசு தொடங்கும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. சமூக நீதியில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இந்த மாநிலத்துக்கு உண்டு. அந்தத் தகுதியே இந்தக் கடமையையும் சுமத்துகிறது. முதல் கேட்பைத் திருவள்ளூர் மாவட்டத்தில் நடத்தலாம். முகாமும் சிப்காட்டும் சூளையும் துறைமுகமும் நிலமிழந்த ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் இங்கே இருக்கின்றன. வரும் மே 1 அன்று வேப்பம்பட்டிலும் கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் தேர்வாய் கண்டிகையிலும், கிராம சபை முடிந்த பிறகு, வாக்காளர் பட்டியலைப் பார்க்காமல் அந்த ஊரில் உழைக்கும் எல்லோரையும் அழைத்து ஓர் அமர்வு நடத்த மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். பேசியதை அவரவர் மொழியிலும் தமிழிலும் பதிந்து சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு அழைக்காவிட்டால் தொழிற்சங்கங்களும் ஊர் இளைஞர் மன்றங்களும் அழைக்கட்டும்.